கதவுள்ள அறை

வரதராசா அண்ணை யாழ்ப்பாணத்து அரச செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். சுவிஸில், ஓர்லிகோனில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கட்டடத்தில் அப்வார்ட்டுக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். அப்வார்ட் என்றால் கட்டடத்துக்குப் பொறுப்பானவர். குழாய் ஒழுகினாலும் வாசலில் பனி கொட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் அங்கேதான் கூட்டித் துடைத்தேன். அண்ணையோடு ஒரே அறையில்தான் குடியிருந்தேன். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

மனுசன் உடுத்த உடுப்போடு வந்திறங்கியவர்தான். ஆனால் கச்சேரிக் குணம் மட்டும் பத்திரமாகக் கூடவே வந்திருந்தது. மேலதிகாரி வாய் திறக்குமுன் எழுந்து நிற்பார். மேலதிகாரி கேட்ட எதற்கும் அவர் இல்லை என்று சொன்னது கிடையாது. கோப்பு தொலைந்து போயிருந்தாலும், “இருக்கு சேர்” என்றுவிட்டுத்தான் தேடவே போவாராம். இதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய மனைவி செல்வராணி வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் காத்திருந்தா. அண்ணைக்கு பி விசா, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்துவிட்டது. மனைவியைக் கூப்பிடலாம், ஆனால் குடும்பம் நடத்தத் தகுந்த வீடு ஒன்றைக் காட்டு என்றது வெளிநாட்டவர் பொலிஸ். வரதராசா என்ற பெயரைத் தொலைபேசியில் கேட்டதுமே வீடு வேறு யாருக்கோ போய்விடுகிற ஊரில் எந்த வீட்டைக் காட்டுவது?

ஒன்று இருந்தது. கம்பனிக் கட்டடத்தின் உச்சி மாடியில் இரண்டு அறையும் குசினியுமாக ஒரு வீடு, அப்வார்ட்டுக்கென்றே கட்டியது. அப்வார்ட் குப்லர் இளைப்பாறி, ஊரோடு போய்விட்டார். அந்த வேலையும் வீடும் உங்களுக்குத்தான் என்று இயக்குநர் அம்ரைன் கைகுலுக்கிச் சொல்லியிருந்தார். அண்ணை யன்னலுக்குத் திரைச்சீலை நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து பாசலிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். வேலை மாறிவிட்டது, கணினி வந்துவிட்டது, இனிமேல் அறைக்குள் அடைந்து கிடந்தால் கம்பனி உருப்படாது, சுவர்களை எடுங்கள் என்றார். சொன்னதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். சுவர்கள் இடிந்தன. கதவுகளைக் கழற்றி நிலவறைக்குச் சுமந்தவர்கள் நாங்கள். திறந்த மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரிக் கதிரை. இயக்குநரும் நடுவில்தான்.

அண்ணையால் இதைத் தாங்க முடியவில்லை. “பெரியவருக்கும் தட்டச்சுப் பெட்டைக்கும் ஒரே கதிரையோ? பிறகு ஆர் மரியாதை குடுப்பினம்?” என்று பொருமினார். திறப்பு விழா அன்று ஒருவரும் பாராத நேரத்தில் இயக்குநரின் கதிரை முதுகில் வெள்ளைத் துவாய் ஒன்றை அழகாக மடித்து விரித்துவிட்டார். கச்சேரியில் பெரியவர் கதிரை என்றால் துவாய் இருக்கும். இங்கே மண்டபம் முழுக்கச் சிரித்தது. யாராவது குளிக்கப் போகிறீர்களா என்று ஆலோசகர் கேட்டார். இயக்குநர் துவாயை எடுத்து அண்ணையின் கையில் திணித்து, “இங்கே எல்லோரும் சமம்” என்றார். சொல்லும்போதே அவருடைய காது சிவந்திருந்தது.

சமத்துவம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கணக்குப் பிரிவுத் தலைவர் இரகசியமாக அண்ணையிடம் வந்து, தன் மேசைக்கு முன்னால் ஒரு பெரிய பூச்சாடி வைக்க முடியுமா என்று கேட்டார். இழப்பீட்டுப் பிரிவுக்காரர் அதைவிட உயரமான செடி கேட்டார். இன்னொருத்தி அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத அண்ணை எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தார். கோடை முடியுமுன் மண்டபம் முழுக்க வேலி. ஊழியர்கள் இயற்கையை விரும்புகிறார்கள் என்று ஆலோசகர் பூரித்துப் போனார். படித்த மனுசன்!

இயக்குநருக்குத்தான் வேலி இல்லை. சமம் என்று சொன்ன வாயால் செடி கேட்க முடியுமா? அவர் மனைவியோடு தொலைபேசியில் சண்டை பிடித்தால் அடுத்த நிமிடம் கோப்பி மெசினடியில் அதுதான் பேச்சு. ஒரு காலை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பல்ப் மாற்றிக்கொண்டிருந்த அண்ணையிடம் கேட்டார்.

“இந்தக் கட்டடத்தில் கதவுள்ள அறை ஒன்றுகூட இல்லையா?”

கக்கூசைக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணை ஏணியிலிருந்து இறங்கி, கச்சேரியில் ‘சேர்’ என்று நிற்பதுபோல நேராக நின்றார்.

“இருக்கிறது, ஹேர் டிரெக்டர். மேலே.”

திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். நான் வாளியோடு பின்னால் ஓடினேன். வீட்டைத் திறந்து, யன்னலைத் திறந்து, வெளிச்சம் எப்படி வருகிறது, சத்தம் எப்படி வராது என்றெல்லாம் தன் உடைந்த ஜெர்மனில் வர்ணித்தார். தரகன்கூட அப்படிப் புகழ்ந்திருக்க மாட்டான். இயக்குநர் கதவைச் சாத்திப் பார்த்தார். திறந்து, திரும்பவும் சாத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

அவர் கீழே போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“என்ன அண்ணை செய்தனீங்கள்? அது உங்கடை வீடல்லோ!”

“கேட்டவரெல்லே. இருக்கிறதை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“செல்வராணி அக்கா வரப்போற வீடு அண்ணை!”

“அவர் சும்மா பார்க்கத்தானே கேட்டவர்” என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

அடுத்த கிழமை இயக்குநர் அண்ணைக்குத் திரும்பவும் கைகுலுக்கினார். வேலை உங்களுக்குத்தான், ஆனால் நவீன கம்பனியில் அப்வார்ட் அங்கேயே குடியிருக்கும் வழக்கம் இனி இல்லை என்றார். ஆறுதலுக்கு, சட்டையில் குத்திக்கொள்ள ஆங்கிலத்தில் நீளமான பதவிப் பெயரோடு ஒரு பட்டி கொடுத்தார். அண்ணை, “நன்றி, ஹேர் டிரெக்டர்” என்றார். எனக்கு அந்தப் பட்டியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

இயக்குநரின் மேசையை அந்த வீட்டுக்கு மேலே சுமந்தவர்களும் நாங்கள்தான். அண்ணை பார்த்து வைத்த யன்னல் பக்கமாகவே அதைப் போட்டோம். கதிரையைச் சரிசெய்துவிட்டு அண்ணை எங்கிருந்தோ அந்தத் துவாயை எடுத்து அதன் முதுகில் விரித்தார். இந்தமுறை இயக்குநர் அதை எடுத்துத் திருப்பித் தரவில்லை. வசதியாகச் சாய்ந்துகொண்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

சனிக்கிழமை தபாற்கந்தோர்த் தொலைபேசிக் கூண்டிலிருந்து அண்ணை வெள்ளவத்தைக்கு எடுத்தார். கூண்டின் கதவைத் திறந்தே வைத்திருந்தார், நான் வெளியில் நின்றேன். செல்வராணி அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“வீடு சரி வந்திட்டுதோ, அப்பா?”

“இல்லை” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அன்றுதான். தடுமாற்றமே இல்லாமல் வந்தது. அக்கா மறுபடி ஏதோ கேட்டா. அண்ணை சட்டையில் குத்தியிருந்த பட்டியைத் தடவிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார், “இல்லையெண்டு சொல்லுறன்.”