எழவு சொல்ல வந்தவர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். என் தொழிலில் நான் பார்த்ததெல்லாம் போலி வாரிசுகளைத்தான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் எனக்கு வாரிசு தேடும் வேலை. ஆளில்லாமல் ஒருவர் செத்தால் அவருடைய ரத்த சொந்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் நிலம் சர்க்காருக்குப் போய்விடும். கொல்லங்கோட்டு ராமசாமிக் கவுண்டர் அப்படித்தான் பிள்ளையில்லாமல் போனார். ஒரே தம்பி, அவரும் சின்ன வயதில் கோபித்துக்கொண்டு ஓடியவர், எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பழைய கங்காணி ஒருவரைப் பிடித்து, தம்பி பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் செத்ததையும் அவருக்கு மாரப்பன் என்று மகன் இருப்பதையும் நான் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

போன இடத்தில் சொத்துப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன், எழவு மட்டும் சொல்வேன். பங்காளியாக இருந்தால் எழுந்துபோய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வான். போலி அசையாமல் உட்கார்ந்து நிலத்தைப் பற்றி விசாரிப்பான்.

நான் பீர்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மத்தியானம்தான், ஆனால் தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசையான லயமே தெரியாத அளவுக்கு மூடுபனி. மாரப்பன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"கொல்லங்கோட்டுல உங்க பெரியப்பன் தவறிட்டாருங்க" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. சரி, இதுவும் போலிதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"தெரியும்ய்யா. ஆடி அமாவாசையன்னைக்கே ஒருத்தர் வந்து சொல்லிட்டாக. தலைக்கு ஊத்தி மொட்டையும் போட்டாச்சு" என்று தலைத்துண்டை அவிழ்த்தான். மழித்த தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது.

கவுண்டர் செத்ததே ஆடி அமாவாசை அன்றுதான். இந்த இடத்தைக் கண்டுபிடித்து பீர்மேடு வந்து சேர எனக்கே இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது.

"வந்தது யாருங்க?"

"பேர் சொல்லல. வயசானவுக. ஒத்தக் காதுலதான் கடுக்கன் கெடந்துச்சு."

கவுண்டர் தன் கடுக்கனில் ஒன்றை மனைவியோடு புதைத்தவர். கொல்லங்கோட்டில் அது ஊரறிந்த சங்கதி.

மற்றபடி குலதெய்வம், எந்தக் கூட்டத்துக் கவுண்டர் என்பதெல்லாம் மாரப்பன் சரியாகவே சொன்னான். ஒரே வாரிசு என்று நான் சாட்சி சொன்னேன், கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பிள்ளைகுட்டிகளோடு அவன் கொல்லங்கோட்டுக்கே குடிவந்துவிட்டான். வந்துபோன ஆளைப் பற்றி வக்கீலிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஆனால் அன்று நான் புறப்படும்போது மாரப்பன் மனைவி ஒன்று சொன்னாள். "அன்னைக்கு எழவு சொல்ல வந்தவுககிட்ட காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னேன், நிக்கல. 'இன்னொரு ஊட்டுக்கும் சொல்லோணும் சாமி'ன்னு ஒங்க ஊர்ப் பேச்சுல சொல்லிட்டு மேல ஏறிப் போயிட்டாக."

மேலே லயம் கிடையாது, வெறும் காடு. அப்புறம் நான் எத்தனையோ தடவை ஏறிப் பார்த்துவிட்டேன், ஒரு கூரைகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் இன்னொரு வீடு என்றால் இன்னொரு வாரிசு, ஒரே வாரிசு என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவன் நான். செத்தவருக்குப் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?