வேண்டிக்கொண்டது அவள், நடந்தது நான்

கால் இரண்டையும் வெந்நீர் பக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்தேன். திரும்பியும் நடந்தேன். போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல். செருப்பில்லாமல்! ஏன், எண்ணூருக்கு ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வழிநெடுக என்னைப் பார்த்து விசில் அடித்துக்கொண்டே போயிற்று.

விஷயம் இதுதான். என் மகள் ரோஸிக்கு ஆறு வயது. இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு டைபாய்டு வந்து, டாக்டரே கையை விரித்துவிட்டார். அப்போது என் வீட்டுக்காரி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். முகத்துவாரத்துப் பக்கம் மணல்மேட்டில் கல்லால் குகைபோலக் கட்டிய சின்ன மாதா கெபி ஒன்று இருக்கிறது. குழந்தை பிழைத்தால் அங்கே வெறுங்காலோடு நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நடந்தே திரும்புவது. வழியில் எதையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது, கையேந்தித்தான் சாப்பிட வேண்டும்.

சரி, யார் நடப்பது?

"எங்க வூட்டுக்காரரு நடப்பாருன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒத்துக்க மாட்டீங்க. அதான் நேரா மாதாகிட்டயே சொல்லிட்டேன்."

ரோஸி பிழைத்துக்கொண்டாள். நான் நாளைக் கடத்தினேன். ஒரு வாரம் மழை. ஒரு வாரம் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது, லீவு கிடையாது. ஒரு வாரம்... காரணமே இல்லை, சோம்பல்தான். போன வியாழக்கிழமை குழந்தைக்கு மறுபடியும் காய்ச்சல். நூற்றிரண்டு. டாக்டர் மருந்து கொடுத்தார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை! குழந்தை நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். எனக்கு வேண்டுதலில் எல்லாம் நம்பிக்கை கொஞ்சம் கம்மி. ஆனால் கொதிக்கிற பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டு தர்க்கம் பேச முடியுமா? பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

விடியற்காலை கோயில் மணி அடிக்கும்போது கிளம்பினேன். காலடிப்பேட்டை வரை வீரம் இருந்தது. திருவொற்றியூரில் வெயில் ஏறியது, குதிகாலில் கொப்புளம் கிளம்பியது, வயிறு கூவ ஆரம்பித்தது. பாதி வழி இன்னும் தாண்டவில்லை. இங்கே சாப்பிட்டால்தான் மேலே போக முடியும்.

ஒரு காபி ஓட்டல் வாசலில் போய் நின்றேன். கேட்பதற்கு வாய் வரவேண்டுமே! கல்லாவில் இருந்தவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாங்க சார், உள்ள ஃபேன் கீது!" என்றார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் எழுந்து வந்து — குலுக்கினார்!

நானும் குலுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மானம் கப்பலேறுவது என்பார்களே... தினம் கப்பலைப் பார்க்கிற எனக்கு அன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களிடம் "மேலே போப்பா" என்று எத்தனை தடவை சுலபமாகச் சொல்லியிருப்பேன்! கேட்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

எர்ணாவூர் வரை பட்டினியோடு இழுத்துக்கொண்டு போனேன். கண் இருட்டியது. ரோட்டோரம் ஒரு குடிசை. வாசலில் ஒரு பெண், முன்னால் பெரிய கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள்தான் கேட்டாள்.

"இன்னா நைனா, வேண்டுதலா?"

"எப்படிம்மா தெரியும்?"

"கையில வாச்சு கட்டிகினு, கால்ல செருப்பு இல்லாம வர்றியே. வூட்ல யாருக்கு ஒடம்பு?"

"பொண்ணுக்கு" என்றேன்.

அவள் கருவாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கூழ்ச்சட்டியைத் திறந்தாள். "கையேந்து."

"கிண்ணம் ஏதாவது..."

"கையேந்துறதுன்னா கைதான். குனி!"

குனிந்தேன். இரண்டு கையிலும் கூழை ஊற்றினாள். முழங்கை வரை வழிய வழியக் குடித்தேன். வெங்காயமும் சுட்ட கருவாடும் தந்தாள். போதும் என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது, "மாதாகிட்ட எம் புள்ளைக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வா, நைனா" என்றாள்.

மிச்ச மூன்று மைலை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் சுடுமணல். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கெபியில் மெழுகுவத்தியை ஏற்றினேன், கடற்காற்று இரண்டு தடவை அணைத்தது. ரோஸிக்காக மண்டியிட்டேன். அப்புறம் அந்தப் பெண்ணின் பிள்ளைக்காகக் கேட்க வாயைத் திறந்தால்... பேர் தெரியவில்லை! மூக்கு முட்டக் குடித்துவிட்டு, பேரைக் கேட்காமல் வந்திருக்கிறேன். என் யோக்கியதை அவ்வளவு. "எர்ணாவூரில் கூழ் ஊற்றினவள் பிள்ளை" என்று விலாசம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும்போது அந்தக் குடிசை வாசலில் மறுபடி நின்றேன்.

"உன் பிள்ளை பேரைக் கேட்காமல் போய்விட்டேன்மா. என்ன பேர்?"

அவள் சிரித்துவிட்டாள். இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து நின்றாள். காலையில் கூடை மறைத்திருந்தது. இப்போது வயிறு தெரிந்தது.

"பேரு இன்னும் வெக்கல நைனா. உள்ள கீது. ஆறு மாசம்." சிரிப்பு நின்றது. "முன்ன ரெண்டு பொறந்துச்சி. ரெண்டும் தங்கல. அதான் சொல்லச் சொன்னேன்."

"சொல்லிட்டேன்மா" என்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. மருந்தா, மாதாவா, என் கொப்புளமா... நான் ஆராயப் போவதில்லை. "அப்பா, பிஸ்கோத்து வாங்கியாந்தியா?" என்று ரோஸி கேட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்த என் வீட்டுக்காரியிடம் எர்ணாவூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டும் தங்கலியா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. நான் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"என்ன சொன்னே மாதாகிட்ட?"

"அவளுக்கு நல்லபடியா பொறந்தா..." என்று ஆரம்பித்து, என் காலைப் பார்த்துவிட்டு, பாவம், நிறுத்திக்கொண்டாள்.

கொப்புளத்துக்கு நல்ல களிம்பு தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள் — மூன்று மாதம்தான் இருக்கிறது.