நான்காவது டிஸ்க்

கோபம் வந்தால் முதலில் கைக்கெட்டிய பொருளைத்தான் திட்டுவேன். அன்று காலை பத்தரை மணிக்கு என்னிடம் மாட்டியது டெலிபோன். கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் அப்போது நான் சின்னக் கிளாக்கர். தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். ரிசீவரை எடுத்தால் ஒரே இரைச்சல்.

"சனியன் புடிச்ச போனு! யாருங்க பேசுறது?"

கொழும்பில் என் தம்பி வேலை செய்த கடையின் முதலாளி.

"தம்பிய நேத்து செக்கிங்ல புடிச்சிட்டாங்கம்மா. ஐடென்டிட்டி கார்டு இல்லன்னு ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. தோட்டத்துல பொறந்த பையன்தான்னு பொறந்த தேதியோட, மேனேஜர் தொரை கையெழுத்தோட ஒரு கடுதாசி நாலு மணிக்குள்ள பேக்ஸ்ல வந்தா விட்டுருவாங்களாம். இல்லாட்டி நாளைக்கு வேற எடத்துக்கு மாத்திருவாங்களாம்."

அந்த நாட்களில் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட தமிழ்ப் பையன்களை வீட்டார் எத்தனை மாதம் தேடி அலைந்தார்கள் என்பது எங்கள் லய வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு வயது பத்தொன்பது. கடிதத்தை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் பிறந்த தேதிக்கு நான் எங்கே போவேன்?

தம்பியின் பிறப்பு பதிவுகாரரிடம் போகவே இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் தன் புத்தகத்தில் எழுதிவைத்ததோடு சரி. அவன் மட்டுமா, தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளின் கதை அதுதான். அந்தப் புத்தகங்களைக் கறையான் தின்ன ஆரம்பித்ததும், மூன்று மாதம் உட்கார்ந்து நான்தான் ஆபிஸ் கம்பியூட்டரில் அடித்து முடித்தேன், புது வருடத்திலிருந்து பின்னோக்கி, வருடத்துக்கு ஒரு கோப்பாக. பிறகு மிச்சமிருந்த புத்தகங்களை ஃபேக்டரி அடுப்பில் போட்டோம். அன்று எனக்கு எவ்வளவு பெருமை! மூன்று வாரத்துக்கு முன் ஒரு பின்னேர இடி அந்தக் கம்பியூட்டரை அடித்தது. பதுளையிலிருந்து ஆள் வந்து புது ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பெட்டி. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்குவது என் வேலை. நாளைக்குச் செய்யலாம், நாளன்றைக்குச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவளும் நான்தான்.

பெரிய கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்து மனிதர். நான் ரிசீவரைப் பிடித்தபடி நிற்பதைக் கண்டு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகமும் மாறியது. இங்கிருந்து கொழும்புக்குப் போவதற்குள் அவரையே நாலு இடத்தில் இறக்கி விசாரிப்பார்கள்.

"ஏன் பிள்ளை நிண்டு கொண்டிருக்கிறீர்? பேக்கப் இருக்குதெல்லோ? இரும், இருந்து செய்யும். துரை மத்தியானத்துக்குப் பிறகு வெளியில போயிடுவார்."

அலுமாரியிலிருந்து பேக்கப் இருந்த ஏழு பிளாப்பி டிஸ்க்குகளையும் எடுத்தேன். ஆபிஸ் கோப்புகள் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டும் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருந்தது. படம், பொத்தான் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் கட்டும், இன்னொரு வரி அடித்தால் பிரிக்கும். மூட்டை பெரிது, டிஸ்க் சின்னது. அதனால் ஏழு டிஸ்க்குகளில் துண்டு துண்டாகப் போட்டு வைத்திருந்தேன். பிரிக்கும்போது ஒன்றாவது, இரண்டாவது என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்.

பதுளையில் ஆறு மாதம் படித்த கம்பியூட்டர் கோர்ஸின் நோட்டுக் கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்து, வரியை அடித்து என்டரைத் தட்டினேன். முதல் டிஸ்க் கறகறவென்று சுற்றியது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவு, கொழுந்து நிறை, கடிதங்கள் என்று கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. இரண்டாவதும் நன்றாகவே போனது. மூன்றாவது போகும்போது மணி பதினொன்றரை. மூச்சு கொஞ்சம் வந்தது.

ஆபிஸ் கூட்டும் அக்கா விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பியோடது வந்திருச்சாம்மா?"

"இன்னும் இல்லக்கா."

"எங்க பாப்பாவோடதும் அதுக்குள்ளதான் இருக்குதா?"

"எல்லாரோடதும் இருக்கு. சும்மா தொணதொணக்காதீங்க, அங்கிட்டுப் போங்க!"

நான் எரிந்து விழுவது அவருக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

நான்காவது டிஸ்க்கைப் போட்டேன். ஒரு சுற்று, ஒரு முனகல், அப்புறம் நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மறுபடி என்றேன். அதே முனகல். எட்டுத் தடவை தட்டியிருப்பேன். ஒன்பதாவது தடவை புரோகிராமே வெளியே போய்விட்டது. ஐந்தாவது டிஸ்க்கை அது கேட்கவே இல்லை.

டிஸ்க்கை வெளியே எடுத்தபோது சந்தன வாசம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடி விழுவதற்குச் சில நாட்கள் முன்தான் ஆயுத பூசை. ஃபேக்டரியில் ரோலருக்கும் கொழுந்துத் தராசுக்கும் பொட்டு வைத்தார்கள். ஆபிஸில் டைப்ரைட்டருக்கும் கம்பியூட்டருக்கும் நான் வைத்தேன். வீட்டிலேயே அரைத்து, சின்னக் கிண்ணத்தில் சந்தனம் கொண்டுவந்தவர் அந்தக் கூட்டும் அக்கா. "டிஸ்க்குக்கும் வைங்கம்மா, ஒண்ண விட்டா கோவிச்சுக்கும்" என்று கேலி செய்தார். நானும் சிரித்துக்கொண்டே ஏழுக்கும் வைத்தேன். ஆறில் பொட்டு லேபிளில் விழுந்திருந்தது. நான்காவது மட்டும் புரண்டு கிடந்திருக்கிறது. ஈரச் சந்தனத்தை அதன் தகரக் கதவின் மேலேயே வைத்திருக்கிறேன். இப்போது கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே கறுப்புத் தகட்டில் மஞ்சளாகக் காய்ந்துபோன ஒரு கறை.

அடிப் பாவி! வேறு யாரைத் திட்ட? லேபிள்களில் எந்த டிஸ்க்கில் எந்த வருடம் என்று பேனாவால் எழுதியிருந்தேன், அந்த எழுத்தும் சந்தனத்தில் கலைந்துபோயிருந்தது. பிறப்புக் கோப்புகள் நான்கிலும் ஐந்திலும் இருக்கின்றன என்பது மட்டும் நினைவிருந்தது. தம்பியின் வருடம் எதில்? நான்கில் என்றால் அவன் கதை முடிந்தது.

"ஆறுதலாச் செய்யும் பிள்ளை," என்றார் ஐயா. ஆனால் மோட்டார் சைக்கிள் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தார்.

கொப்பியைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பரீட்சைக்கு வராது என்று சொன்னதால் அரைகுறையாக எழுதிவைத்த குறிப்பு. ஒரு டிஸ்க் கெட்டால் அதற்கு அடுத்ததிலிருந்தும் தொடங்கலாம், அதில் முழுசாக இருக்கும் கோப்புகள் வரும். ஐந்தாவதைப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் கேட்டேன். திரையின் முதல் வரி பாதியில் தொடங்கும் ஏதோ ஒரு கோப்பு. அதற்குக் கீழே வருடங்கள். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கினேன். மூன்றாவது வரியில் தம்பியின் வருடம்!

அந்த ஒரு கோப்பை மட்டும் கேட்டு வரி அடித்தேன். ஓர் எழுத்து தப்பினாலும் வராது என்ற பயத்தில் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். டிஸ்க் சுற்றியது. சரி என்று வந்தது. திறந்தேன். ஐப்பசி மாதத்து வரிகளில் இருந்தான் என் தம்பி. ஆண் பிள்ளை, மேல் டிவிசன், அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர். ஆபிஸ் என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டேன். வாசலில் நின்ற அக்காவும் என்னோடு சேர்ந்து அழுதார்.

பிரின்டர் கிரீச்சிட்டுக்கொண்டு அடித்துத் தள்ளியது. துரை ஜீப்பில் ஏறப்போகும் நேரத்தில் கையெழுத்து வாங்கினோம். மணி ஒன்றரை. பேக்ஸ் இருந்தது பெரகலைச் சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான். நானும் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நான் கொண்டு போறன். நீர் போனடியில இரும்."

அவர் போன பிறகு நான் டெலிபோனைத் திட்டவில்லை. கும்பிட்டேன். நாலு மணி அடித்தது. நாலேகால் ஆனது. ஐயா நனைந்து திரும்பி வந்து, பேக்ஸ் போய்விட்டது என்று சொல்லிவிட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்கு டெலிபோன் மணி அடித்தது.

"அக்கா," என்றான். "வெளிய வந்துட்டேன். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

"எருமை! அம்மாவுக்கு நேத்தே கனவுல தெரிஞ்சிருக்கும், வாடா வீட்டுக்கு!" என்றேன்.

அடுத்த வாரம் முழுக்க நான்காவது டிஸ்க்கோடு மல்லுக்கட்டினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். கேட்டவை எல்லாம் வந்தன, ஒரே ஒரு வருடத்தைத் தவிர. கறை இருந்த இடத்தில் அந்த வருடம் இருந்திருக்க வேண்டும். ஐயாவிடம் சொன்னேன். டிஸ்க் பழுது என்று ஒரு குறிப்பு எழுதி ஃபைல் கோவையில் போட்டார். சந்தனத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தம்பி வந்துவிட்டான், எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலைந்து வருடம் போனது. ஒரு காலையில் கூட்டும் அக்கா விளக்குமாறு இல்லாமல், நல்ல சேலை கட்டி, பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பரீச்சைக்கு ஐடென்டிட்டி கார்டு கேக்குறாங்கம்மா. பதுளைப் பதிவு ஆபிஸ்ல இவ பேரே இல்லேங்கிறாங்க. நம்ம பொட்டியிலதான் இருக்கே, தம்பிக்கு எடுத்த மாதிரி எடுத்துக் குடுங்க."

வருடத்தைக் கேட்டேன். அவர் சொல்லுமுன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தேடுவதுபோல் விசைகளைத் தட்டினேன். அந்தப் பிள்ளை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வருஷம் மட்டும் இல்லக்கா. டிஸ்க் பழுதாப் போச்சு."

"எல்லாரோடதும் இருக்குன்னீங்களேம்மா?"

கம்பியூட்டரை அணைத்தேன். பிறந்த தேதிக்குச் சான்றாக அக்கா சத்தியக் கடதாசி முடித்து, பதுளைக்கு நடையாய் நடந்து கார்டு வருவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகவில்லை, கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்துவிட்டது. அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு உண்மையைக் கொட்டியிருப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"தள்ளுங்கம்மா, இந்தப் பொட்டிக்கு நானே வைக்கிறேன். போன தடவ நீங்க வச்சது பத்தல போல. நல்லாப் பெருசா வச்சா, அடுத்த புள்ளைக்காச்சும் கண்ணத் தொறக்கும்."

நான் டிஸ்க்குகளை மட்டும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவருக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன்.