நடுவில் இறங்கிய நிலம்

எங்கள் வீட்டில், நடையைப் பார்த்த பக்கவாட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கல்லில் ஓர் இலை இருக்கிறது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், செங்கல் அளவுக்கு ஒரு பலகைக்கல். அதன் மேல் நடு நரம்பும், இருபுறமும் வரிசையாகச் சின்ன இலைகளும் அச்சுப் பதிந்திருக்கும். எண்பதுகளின் கடைசியில், ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் இருக்கும் இதே வீட்டில் கிணற்றை ஆழப்படுத்தியபோது அடிமண்ணோடு மேலே வந்தது. என் மாமியார் அதைக் கழுவி, தன் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்துக்கொண்டார்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியை. கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியையிடம் காட்டினேன். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில், நம் பக்கத்து நிலம் இழுபட்டு, மெலிந்து, பள்ளமாக இறங்கியதாம். அந்தப் பள்ளத்தில் ஆறுகள் கொட்டிய சேற்றில் விழுந்த இலை இது என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "ஒட்டிகினு இருந்தது இப்போ எங்க கீது?" என்று கேட்டார். தெற்கே, பனி மூடிக் கிடக்கிறது என்றேன். "அடப்பாவமே, குளுர்ல போயி மாட்டிகிச்சே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

என் மாமனார் ஊரார் வயலில் கூலி வேலை செய்து, அந்த மனையை வாங்கி, நடுவில் ஓர் அறை கட்டிவிட்டுக் கண்ணை மூடியவர். மகன்கள் இருவருக்கும் ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அம்மாவின் அறைக்குக் கிழக்கே மூத்தவர் கட்டினார், மேற்கே என் கணவர் கட்டினார். மூன்றுக்கும் பொதுவாக முன்னால் ஒரு திறந்த நடையும் கிணறும் இருந்தன. சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குழம்பு வைத்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். எனக்குச் சமையல் வராது என்பதை ஊருக்கே சொல்லிச் சிரிப்பாரே தவிர, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பிரிவு ஒரே நாளில் வரவில்லை. சண்டைக்குக் காரணம் என்னவென்று கேட்டால் சாக்கடைத் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஆரம்பித்தது. அப்புறம் மின்சார மீட்டர் தனியானது, அடுப்பு தனியானது. ஒரே ஷிஃப்டுக்கு ஒரே சைக்கிளில் போன அண்ணனும் தம்பியும், தனித்தனி சைக்கிளில், ஒருவர் தெருமுனை தாண்டும்வரை இன்னொருவர் காத்திருந்து போனார்கள். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு பேருக்கும் நடு மண்டையில் நரை விழுந்திருந்தது.

பிறகு மேடாக்கும் போட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். உடனே ஒவ்வொருவரும் இடித்த கட்டடத்து ரப்பீஸை லாரியில் வரவழைத்து, தரையை உயர்த்துவார்கள். தண்ணீர் அடுத்தவன் வீட்டுக்குப் போகும். மூத்தவர் உயர்த்தினார். அடுத்த கோடையில் என் கணவர் அதைவிட ஒரு படி கூடுதலாக உயர்த்தினார். பொது நடைக்கும் அத்தையின் அறைக்கும் மட்டும் யாரும் ஒரு கூடை மண் போடவில்லை. "பொது எடம், அவன் போடட்டும்" என்று இவரும், "ஏன், அவன் போட்டா கொறைஞ்சா பூடுவான்?" என்று அவரும் இருந்தார்கள். அத்தையை இரு வீட்டிலும் கூப்பிடாமல் இல்லை. "ஒருத்தன் ஊட்டுக்குப் போனா இன்னொருத்தன் ஊட்டு வாசப்படி மெறிக்க முடியாது. நான் இங்கியே கீறேன்" என்று அவர் அந்தப் பள்ளத்திலேயே இருந்துவிட்டார்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து தெருவுக்குள் வந்தது. விடிந்து பார்த்தபோது நடை முழுக்கத் தண்ணீர். அத்தை கட்டில் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு. கிழக்குப் படியில் நின்று மூத்தவர் "எம்மா, இப்டி வா" என்று கத்தினார். மேற்குப் படியில் நின்று என் கணவர் "யம்மா, எங்க ஊட்டுக்கு வா" என்றார். தண்ணீரில் யாரும் கால் வைக்கவில்லை. "ரெண்டு பேரும் எறங்கி வாங்கடா. அப்போதான் எந்திரிப்பேன்" என்றார் அத்தை. இறங்கினார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்து நடை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே நின்றுபோனார்கள். ஒருவர் கிழக்கே இழுத்தார், ஒருவர் மேற்கே இழுத்தார். முழங்கால் தண்ணீரில், காய்ச்சலோடு, அந்த அம்மாள் இரண்டு பக்கமும் ஆடினார். நானும் அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினோம். அத்தை கைகள் இரண்டையும் உதறினார். "என்னிய இஸ்கூல்ல கொண்டும்போயி வுடுங்க. அது எவன் ஊடும் இல்ல" என்றார்.

மழைக்குத் தப்பி வந்த குடும்பங்களை எங்கள் பள்ளியில்தான் தங்கவைத்திருந்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது நான் பாடம் நடத்தும் ஒன்பதாம் வகுப்பறை. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் படுக்கவைத்தோம். மழை விடுமுறைக்கு முன்னால் நான் வரைந்த படம் கரும்பலகையில் அழியாமல் இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது இன்னா டீச்சரம்மா?" என்று கேட்டார். நிலம் எப்படிப் பிரிகிறது என்று சொன்னேன். இரண்டு பக்கமும் இழுபடும்போது நடுத்துண்டு இறங்கும், ஓரங்கள் உயர்ந்து நிற்கும், பள்ளத்தில் தண்ணீர் சேரும், நாளாக ஆகக் கடலே உள்ளே வரும் என்றேன். சொல்லச் சொல்லத்தான் நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

"எல்லாமே கடலாத்தான் பூடுமா?" என்றார்.

"இல்ல அத்தை. சிலது பாதியிலேயே நின்னுபோயிடும்."

"நின்னா மறுக்கா ஒட்டிக்குமா?"

அக்கா என்னை முறைத்துப் பார்த்தார். ஒட்டிக்கும் என்று சொல், என்ன குறைந்துபோகிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். "பள்ளம் அப்டியே இருக்கும் அத்தை" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் தன் அறைக்கே திரும்பினார். சுவரெல்லாம் ஓதம். இருமல் நிற்கவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார். அன்று காலை நான் பார்த்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பந்தல் போட வேண்டும், உறவுக்காரர்கள் உட்கார வேண்டும், நடை பள்ளமாக இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். மூத்தவர் ஆள் அனுப்பி ஒரு லாரி மண் வரவழைத்தார். என் கணவர் ஒரு லாரி வரவழைத்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு அக்கம்பக்கமாக நின்று, ஒரு வார்த்தை சண்டை இல்லாமல், அம்மாவின் வாசலைச் சமமாக்கினார்கள். "இத்தினி நாளு எங்கடா போனீங்க" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அத்தையின் கதவடியில் மண்ணுக்குள் போகவிருந்த அந்த இலைக்கல்லை நான் எடுத்து வைத்தேன்.

அதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஓய்வுபெற்று, கல்யாணம் கருமாதி என்றால் மட்டும் நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். இன்று காலை நல்ல மழை. அன்று கொட்டிய மண் வருடா வருடம் இறங்கி, நடை மறுபடியும் பள்ளமாகிவிட்டது. என் கணவர் மேற்குப் படியில் நின்று தேங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிழக்குப் படியில் மூத்தவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாரல் உள்ளே அடிக்கிறது, நடைப் பக்கக் கதவைச் சாத்து என்று என் கணவர் சொன்னார். சாத்த முடியாது என்றேன். கல்லை இன்னும் நெருக்கி வைத்தேன்.