உயிரோடு இருப்பதாக எழுதுங்கள்

ஒகுல்கெரெக் தன் கோதுமை வயலைத் தானே டிராக்டர் ஓட்டி உழுத துர்க்மேன் இனத்து விதவை. ஐம்பத்திரண்டாம் வயதில் ரொட்டி தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. கோன்பத் நகர மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ரஸ்தேகாரை, கொழுந்தன் ஹோஜாநெபெஸ் வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஏதோ கிசுகிசுத்தான். இவள் எழுந்து பின்னாலேயே போனாள்.

"தொண்டை என்னுது. சேதி மட்டும் அவனுக்கா?"

டாக்டரம்மா அவளிடமே சொன்னார். உணவுக்குழாயில் புற்றுநோய். வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. யாருக்கு நேரே அறுவை, யாருக்கு முன்மருந்து என்பதைக் குலுக்கல் சீட்டுதான் முடிவு செய்யும்.

"அதனால எனக்கு நல்லதா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிக்கத்தான் ஆய்வே."

"கத்தி வெச்சா நீ வீடு திரும்ப மாட்டே அண்ணி," என்றபடி கொழுந்தன் சம்மதப் படிவத்தில் மறுப்பென்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "தெரியாதுன்னு நேரா சொல்ற ஆளை நான் நம்புறேன். நீ போய் டீ குடி."

சீட்டில் அவளுக்கு முன்மருந்து விழுந்தது. தலைமுடி கொட்டியது. பிறகு ஏழு மணி நேர அறுவை. உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே மேலே இழுத்துக் கழுத்தில் இணைத்தார்கள். அதன்பின் ஒரு பிடி சோறு, நாளுக்கு ஏழு தடவை. படுத்தால் புளித்து மேலேறும் என்பதால் சாய்ந்தபடியே தூக்கம். அடுத்த விதைப்புக்கு வயலில் இறங்கிவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்காரர்கள் அவள் நிலையைக் கேட்டுக் கொழுந்தனின் எண்ணுக்குத்தான் அழைப்பார்கள். மூன்றாம் ஆண்டில் அழைப்பு நின்றுபோனது. அவள் நேரே மருத்துவமனைக்குப் போனாள். பதிவேட்டைப் பார்த்த பெண் வெளிறிப்போனாள்.

"நீங்க... இறந்துட்டதா உங்க வீட்டுல சொன்னாங்களே."

வயல் யாருக்கு என்று அவளோடு தகராறு முற்றிய வாரத்தில் ஹோஜாநெபெஸ் ஆத்திரத்தில் தொலைபேசியில் சொன்ன வார்த்தை அது. அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"உங்க கணக்குல ஒரு பொணம் கூடுதலா கிடக்கு. அடிச்சிட்டு எழுதுங்க, நான் உயிரோட இருக்கேன்னு!"

சத்தம் கேட்டு ஓடிவந்த ரஸ்தேகார் அவளைக் கட்டிக்கொண்டார். "ஆய்வுல சேர்ந்தவங்கள்ல இன்னும் பத்தொன்பது பேரைக் காணோம் அக்கா. அவங்க இல்லாம முடிவு சொன்னா அது பொய்."

"பட்டியலைக் குடுங்க."

ஊர் ஊராகப் போனாள். வாசலில் மறித்தவர்களிடம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்துத் தழும்பைக் காட்டினாள். ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்து பேருக்குக் கல்லறைத் தேதி கிடைத்தது. ஐவர் கடைசிவரை அகப்படவில்லை.

முன்மருந்து பெற்றவர்கள், நேரே அறுவைக்குப் போனவர்களைவிடச் சராசரியாக ஏழு மாதம் கூடுதலாக வாழ்ந்ததாக முடிவு வந்தது.

"ஏழு மாசம்தானா?" என்று கேலி செய்தான் ஹோஜாநெபெஸ்.

"உன் ஆயுள்ல ஏழு மாசத்தைக் குடுத்துட்டுப் பேசுடா," என்றாள் அவள்.