பின்சக்கரத்தின் இரைச்சல்

மகளுக்கு அப்போது இரண்டு வயது. பனி விழுந்தால் மூச்சு இழுக்கும், புகை பட்டால் இழுக்கும், சில நாள் காரணமே இல்லாமலும் இழுக்கும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓட எங்களிடம் இருந்தது, கணவர் நண்டும் இறாலும் ஏற்றும் பழைய பிக்கப் வண்டி மட்டும்தான். பஸ்ஸை நம்பிக் குழந்தையோடு நிற்க எனக்குத் தைரியம் போதாது. அதனால் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியபோது, என் பயமெல்லாம் மகளைப் பற்றித்தான் இருந்தது.

டச்சுக் கல்லறை மதிலை ஒட்டிப் போகையில்தான் முதலில் கவனித்தேன். சுவரில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது, ஊம்ம் என்று ஓர் இரைச்சல். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது.

"டயர் தேஞ்சிருக்கு, அதான்" என்றார் கணவர். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டியில் ரேடியோ அலறியது. பாட்டே கேட்காத மனுஷர்.

நான் விடாமல் நச்சரித்ததால் திருப்பாலைவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். சக்கரத்து பேரிங் போய்விட்டதென்று மாற்றிக் கொடுத்தார்களாம். இரைச்சல் அப்படியே இருந்தது.

"புதுசுதான் போட்டாங்கன்னு பாத்தீங்களா?"

"நான் டீ குடிக்கப் போயிருந்தேன்."

எனக்கு அது போதும். நான் பி.எஸ்சி. படித்ததில் வண்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை மாற்றினால் கூடவே எது மாறுகிறதென்று பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். இரைச்சல் சட்டென்று தணிந்தது. மிதித்ததும் எழுந்தது. சக்கரத்துக் கோளாறென்றால் மிதித்தாலும் விட்டாலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? உண்மையிலேயே அப்படிக் கேட்டதா, கேட்க வேண்டுமென்று நினைத்ததால் கேட்டதா? மறுபடி மிதிக்கச் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

அடுத்த முறை நானும் போனேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"இன்னாண்ணே, இன்ஸ்பெக்டரையும் கூட்டினு வந்துட்ட?" என்று சிரித்தார் மெக்கானிக்.

"போன தடவ போட்ட பேரிங்கக் காட்டுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். புதிய பேரிங்தான். ஆனால் அதற்குள் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருந்தது. அவரே நெற்றியைச் சுருக்கினார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலிருக்கும் பல்சக்கரக் கூட்டின் அடைப்பைத் திறந்தார். கறுப்பாக ஒழுக வேண்டிய ஆயில், பால் அதிகம் விட்ட டீயைப் போல ஒழுகியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு. உண்மையச் சொல்லுண்ணே. வண்டிய ஏரில எறக்குறியா?"

கணவர் மகளின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். "எல்லாருந்தான் எறக்குறாங்க."

கடல் தண்ணீர் ஏறும் எங்கள் ஏரியில் கையால் தடவி நண்டும் இறாலும் பிடிக்கும் பெண்கள் சுமையோடு தண்ணீரில் நடந்து வருவார்கள். எந்த வண்டி அவர்களுக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அதற்குத்தான் முதல் சரக்கு. அதனால் வியாபாரிகள் போட்டி போட்டுக்கொண்டு, பின்சக்கரம் பாதி முழுகும்வரை வண்டியைப் பின்னால் விடுவார்களாம். ஓடிச் சூடான இரும்பு சட்டென்று தண்ணீரில் குளிரும்போது உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார் மெக்கானிக். இத்தனை நாளும் நான் சந்தேகப்பட்டது இந்த மெக்கானிக்கை. மறைத்த கணவரோ தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்த பேரிங்குகளும் ஆயில் சீல்களும் மாறின. கூட்டை டீசல் விட்டுக் கழுவிப் புது ஆயில் ஊற்றினார்கள். சக்கரப் பல் எதுவும் உடையவில்லை என்றார் மெக்கானிக். டார்ச் அடித்துக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"திரும்பத் தண்ணில வுட்டா எங்கிட்ட வராத" என்றார் கணவரிடம்.

"வுட மாட்டேன்" என்றார் கணவர், என்னைப் பார்த்து. நான் நம்பவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. விலா எலும்புகள் உள்வாங்கின. தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினேன். வழியெல்லாம் வண்டி எங்கே நிற்குமோ என்றுதான் நினைத்தேன்.

மற்ற வண்டிகள் தண்ணீரில் நின்றன. எங்கள் வண்டி மணலில் நின்றது. கணவர் இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் நண்டுக் கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த பெண்கள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அப்படியும் நான் குனிந்து பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா, கொழந்த இழுக்குது, நீ சக்கரத்துக்கு ஜொரம் பாக்குற?" என்று கத்தினாள் ஒருத்தி.

சக்கரம் காய்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன். கணவர் கூடையை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். திருப்பாலைவனம் தாண்டினோம்.

"சத்தம் வருதா?" என்றார்.

மகளின் முதுகில் காதை வைத்திருந்தேன். "இவளுதுதான்" என்றேன்.

அவர் இன்னும் அழுத்தி மிதித்தார்.