ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு சாட்சிகள்

யாரும் பார்க்காத ஒன்று இருக்கக்கூடுமா என்று முறைப்படி சந்தேகப்படுவதுதான் என் தொழில். பெயர் துகள் இயற்பியல். அதிலும் கருவி எதையும் தொடாத கணக்குப் பிரிவு. கோலாலம்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்காக, புக்கிட் காத்தில் என்ற ஊரில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். தன் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் விழிப்பவர்கள் எல்லாரும் என் கட்சி, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலி ஓரத்து விசாரணை

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறார். "நாள் பூரா வீட்டுலயே இருக்க, அப்பிடி என்னா வேல?" என்று ஒருநாள் வேலி ஓரத்தில் பிடித்துக்கொண்டார். கேட்டதே போதும் என்று நான் ஆரம்பித்துவிட்டேன். புதிதாக ஒரு துகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இப்போது எவ்வளவு நம்புகிறோம் என்று ஓர் எண் போடுவோம். பிறகு சோதனைக்கூடங்கள் வெளியிடும் அட்டவணைகளைப் பார்த்து, ஆதாரத்துக்குத் தக்கபடி அந்த எண்ணை ஏற்றுவோம், இறக்குவோம். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அப்ப நம்புனாலும் சம்பளம், நம்பலன்னாலும் சம்பளம். நல்ல வேல லா."

மேடு

நான்கு வருடமாக என் திரையில் தட்டையான கோட்டைத்தான் பார்த்து வந்தேன். தட்டை என்றால் புதிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கட்டுரை வராவிட்டால் நீட்டிப்பு கிடையாது. இந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து பதினொரு நாள் ஓடிய கணக்கு முடிந்தது. கோட்டின் நடுவில் ஒரு மேடு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், மேடுதான். 'இருக்கலாம்' என்ற இடத்திலிருந்து 'ஏறக்குறைய நிச்சயம்' வரைக்கும் போயிருந்தது என் எண். நாற்காலியில் உட்கார முடியவில்லை. வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோலாலம்பூரில் எங்கள் குழுவில் இருக்கும் பார்த்திபனை வீடியோவில் அழைத்துப் படத்தைக் காட்டினேன். கட்டுரையை எழுதி, வெள்ளிக்கிழமை எங்கள் குழுத் தலைவரான பேராசிரியருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். பார்த்திபன் சாதாரணமாக எதற்கும் அசையாத ஆள்.

"நீ மொதல்ல பேப்பர எழுது. அந்தத் துகளுக்குப் பேரு நான் யோசிக்கிறேன்."

கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு

லெட்சுமி அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சமையலுக்கு ஓர் ஆளைப் பார்த்திருந்தார். செர்காமில் இருக்கும் நாத்தனாரும் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் சித்தி மகளும், ரசம் பிரமாதம் என்று தனித்தனியாகப் போனில் சொன்னார்களாம். புதன்கிழமை என்னிடம் யோசனை கேட்டார். மேடு கொடுத்த தெம்பில், அழைப்பிதழ் மாதிரியின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு ஊர், இரண்டு சாட்சி; முதல் சாட்சிக்கு இவ்வளவு, இரண்டாவதற்கு அதன்மேல் இவ்வளவு. தாராளமாக நம்பலாம் என்றேன். அக்கா அன்றைக்கே ஆளைப் பேசி முடித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கேன்டீனிலிருந்து வந்ததும் வராததுமாக என் வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துல, ஒரே மேசையில ஒக்காந்து, அதே ரசத்தத்தான் குடிச்சிருக்காளுங்க."

அடிக்குறிப்பு

எனக்கு என் இரண்டு அட்டவணைகள் ஞாபகம் வந்தன. அக்காவை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து என் இரண்டாவது அட்டவணையைத் திறந்தேன். அடியில், பொடி எழுத்தில், முந்தைய வருடங்களின் பதிவுகளும் இதில் அடங்கும் என்று இருந்தது. அந்த முந்தைய வருடங்கள்தான் என் முதல் அட்டவணை. ஒரே ஆதாரத்தை இரண்டு சாட்சியாக எண்ணி, என் நம்பிக்கையை நானே ஊதிப் பெருக்கியிருக்கிறேன்.

கட்டுரை தயாராக இருந்தது. பார்த்திபன் கண்ணிலும் அது படவில்லை. பேராசிரியரும் கவனிக்காமல் போகலாம். அப்படியே அனுப்பினால் வேலை நிலைக்கும். ஒரு மணி நேரம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பிறகு முதல் அட்டவணையை நீக்கிவிட்டுச் சுருக்கமான கணக்கை ஓட்டினேன். மேடு வீங்கிய கொசுக்கடி அளவுக்கு இறங்கியது. ஆனால் தட்டையாகவில்லை. எனக்கு மறுபடியும் நடக்க வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு படங்களையும் பேராசிரியருக்கு அனுப்பி, எங்கே தப்பு செய்தேன் என்றும் எழுதினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"பெரிய மேட்ட நான் நம்பிருக்க மாட்டேம்மா. இந்தச் சின்னத நம்பலாம்போல இருக்கு. ஆறு மாசம் நீட்டிக்கிறேன், புது அட்டவண வரட்டும்."

வேலி ஓரம், மறுபடியும்

செய்தியை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். ரசக் கணக்குக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் கேரட் கேக் ஒரு துண்டை வேலிக்கு மேலே நீட்டினார்.

"என் ரசம் எப்பிடின்னு அடுத்த மாசம் தெரிஞ்சிரும். ஒன் துகளு எப்பத்தான் தெரியும்?"

துகள் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஜூன் வரை எனக்கு வேலை இருக்கிறது என்பது மட்டும்தான் இந்த ஆய்வில் இதுவரை ஐயமறத் தெரிந்த முடிவு.